கல்லும் சொல்லும்: தனித்திறன் கல்வியின் வரலாறும் நம் கடமையும்

ஒரு சமுதாயம் கல்வியில் முன்னேறுவதற்கு இரண்டு படிகள் உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்துகொள்வது முதற்படி. பிறர் எளிதிற் செய்ய இயலாத வினை ஒன்றைக் கற்று, அந்த வினைக்காக உலகம் நம்மைத் தேடிவருமாறு செய்துகொள்வது இரண்டாம் படி. முதற்படியில் கால் வைப்பதற்கே நம் முன்னோர் ஒரு நூற்றாண்டுக் காலம் போராட வேண்டியிருந்தது. திண்ணைப் பள்ளியின் வாசலுக்கு வெளியே நின்று கேட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பட்டம் பெற்று நிற்கின்றனர். இம்மாற்றத்தில் நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகள் ஆற்றிய பணி சிறிதன்று.

ஆயினும் பட்டம் பெற்ற நம் இளைஞருட் பலர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கின்றனர் என்பதை வெள்ளிவிழா மகிழ்ச்சியின் நடுவே நாம் மறந்துவிடலாகாது. முதற்படியில் ஏறி நின்றுகொண்டு இரண்டாம் படி எங்கே என்று தேடுகின்ற நிலை இது. அதனைக் காட்டுவதற்கு வரலாறே நல்ல துணை. ஆகவே இக்கட்டுரையில் மூன்று தனித்திறன்களைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். பொருள்களின் உட்கூறுகளை அளந்தறியும் வேதியியல் பகுப்பாய்வு ஒன்று. அயல்நாட்டு மொழிப் புலமை ஒன்று. மொழி தெரியாத எளியவர்க்காக வழக்குமன்றத்திலும் மருத்துவமனையிலும் நின்று மொழிபெயர்க்கும் பணி ஒன்று. மேலோட்டமாகப் பார்த்தால் இவற்றிற்குள் தொடர்பில்லை. ஆனால் இம்மூன்றும் இடையில் நிற்பவரின் கலைகள். கல்லுக்கும் ஆலைக்கும் இடையே பகுப்பாய்வாளர் நிற்கிறார். ஏழையின் சொல்லுக்கும் நீதிபதியின் செவிக்கும் இடையே மொழிபெயர்ப்பாளர் நிற்கிறார். அந்த இடம் எப்போதும் ஆற்றல் மிக்கது. நம் மக்கள் நெடுங்காலம் விலக்கி வைக்கப்பட்டிருந்ததும் அந்த இடத்திலிருந்துதான்.

துபாசிகள் காலம்

கிழக்கிந்தியக் கம்பெனிகள் நம் கடற்கரையில் வணிகம் செய்த காலத்தில், இரு மொழி அறிந்தவர் துபாசி எனப்பட்டார். புதுச்சேரியில் துய்ப்ளெக்சு ஆளுநராக இருந்தபோது தலைமைத் துபாசியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) எழுதிய நாட்குறிப்பு இன்றும் வரலாற்றுக் கருவூலமாகப் போற்றப்படுகிறது. துபாசிகள் செல்வமும் செல்வாக்கும் பெற்றனர். அவர்கள் கையிலிருந்தது வாளன்று, மொழி. ஆளுவோருக்கும் ஆளப்படுவோருக்கும் நடுவில் அவர்கள் நின்றனர்.

அதே காலத்தில் நம் மக்களும் ஐரோப்பியரின் வீடுகளிலும் படைகளிலும் பணிபுரிந்தனர். காதால் கேட்டே அவர்கள் மொழியைப் பேசினர். ஆனால் எழுத்தறிவு மறுக்கப்பட்டதால் அந்தப் பேச்சு மேசைக்கு ஏறவில்லை. சமையலறையோடும் குதிரைக் கொட்டிலோடும் நின்றுவிட்டது. நம்மிடம் நூலறிவே இல்லையென்று யாரேனும் சொன்னால் அது பொய். ஆரிங்டன் என்னும் ஆங்கிலேயரிடம் பணிபுரிந்த தம் பாட்டனார் கந்தப்பன், தம் வீட்டிலிருந்த திருக்குறள் ஏட்டுச்சுவடியை அவரிடம் கொடுத்ததையும், அது அவர் வழியாக எல்லீசு துரையின் கைக்குச் சென்றதையும் பண்டிதர் அயோத்திதாசர் எழுதி வைத்துள்ளார். ஏடு நம் வீட்டில் இருந்தது. அச்சுக்கூடமும் அலுவலகமும் பிறர் கையில் இருந்தன.

அந்த அயோத்திதாசர் (1845–1914) சித்த மருத்துவராக வாழ்ந்தவர். வடமொழி, பாலி, ஆங்கிலம் ஆகியவற்றையும் பயின்றார். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். பாலி மொழியைக் கற்றதனால் பௌத்த நூல்களின் கதவு அவருக்குத் திறந்தது. அக்கதவின் வழியே நம் மக்களின் பழைய வரலாற்றைப் புதிய கண்கொண்டு நோக்கினார். பிறர் கற்காத மொழியொன்றைக் கற்றவன் பிறர் காணாததைக் காண்பான் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

நேட்டாலில் மொழியின்றித் தவித்தவர்கள்

இனித் தென்னாப்பிரிக்காவிற்குச் செல்வோம். அங்கே நேட்டால் குடியேற்ற நாட்டின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச்சென்ற முதற் கப்பலாகிய ‘துரூரோ’, சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16ஆம் நாள் தர்பன் துறைமுகத்தை அடைந்தது. 1911இல் இம்முறை நிறுத்தப்படும் வரை ஏறத்தாழ 1,52,000 பேர் நேட்டாலுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுட் பெரும்பகுதியினர் சென்னை மாகாணத்தவர். பெரம்பலூரும் அரியலூரும் அடங்கியிருந்த பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தினின்றும் மக்கள் சென்றனர். நிலமற்றவரும் சாதியால் ஒடுக்கப்பட்டவரும் அவர்களுள் மிகுதி.

ஐந்தாண்டு ஒப்பந்தத்திற் கட்டுண்ட தொழிலாளி அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறினால் குற்றம். வேலைக்கு வாராதிருந்தாலும் குற்றம். வழக்கோ ஆங்கிலத்தில் நடக்கும். குற்றம் சாட்டப்பட்டவனுக்குத் தமிழன்றி வேறு மொழி தெரியாது. தன்மேல் என்ன குற்றம் சாட்டப்பட்டது, தனக்கு என்ன தண்டனை கிடைத்தது என்பவற்றையும் பிறர் சொல்லித்தான் அவன் அறிய வேண்டும். அடிபட்டவன் தான் அடிபட்டதைச் சொல்வதற்கும் ஒருவர் வேண்டும்.

1894இல் தர்பனில் நிகழ்ந்ததொன்றைக் காந்தியடிகள் தம் சத்திய சோதனையில் எழுதியுள்ளார். பாலசுந்தரம் என்னும் தமிழ் ஒப்பந்தத் தொழிலாளி கிழிந்த ஆடையோடும், முன்பற்கள் இரண்டு உடைந்து குருதி ஒழுகும் வாயோடும் அவரிடம் வந்து நின்றான். அவனை அடித்தவர் அவன் முதலாளி. காந்தியடிகளிடம் எழுத்தராக இருந்த தமிழர் ஒருவர்தான் அவன் சொன்னதையெல்லாம் எடுத்துரைத்தார். அதன் பின்னரே மருத்துவச் சான்றிதழ் பெறப்பட்டது. நீதிபதியிடம் முறையீடு சென்றது. முதலாளிக்கு அழைப்பாணை பிறந்தது. பாலசுந்தரம் வேறொரு முதலாளிக்கு மாற்றப்பட்டான். இந்நிகழ்ச்சியைச் சொல்வோர் காந்தியடிகளைப் போற்றுவர், அது தகும். ஆனால் அந்த எழுத்தர் அங்கே இல்லையெனில் பாலசுந்தரத்தின் கண்ணீருக்குச் சட்டத்தின் மொழி கிடைத்திருக்குமா என்பதையும் இளைஞர்கள் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இரட்டைமலை சீனிவாசனார்

அந்நாட்டு வழக்குமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக நின்ற தமிழருள் நம் சமுதாயத்தின் பெருமகனாரும் ஒருவர். அவரே செங்கற்பட்டு மாவட்டம் கோழியாளத்திற் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார். கோயம்புத்தூரிற் கல்வி பயின்றபோது, தம் சாதி தெரிந்துவிட்டால் இழிவு நேருமோ என்று அஞ்சி, உடன் பயில்வோரோடு கூடி விளையாடாமல் ஒதுங்கியிருந்ததை அவர் தம் வாழ்க்கை வரலாற்றுச் சுருக்கத்திற் பதிவு செய்துள்ளார். அவ்வாறு ஒதுங்கி நின்று கற்ற ஆங்கிலமே பின்னாளில் அவரை உலக அரங்கிற்கு அழைத்துச் சென்றது.

1891இல் பறையர் மகாசன சபையை நிறுவியும், 1893 முதல் ‘பறையன்’ என்னும் இதழை நடத்தியும் பணியாற்றிய அவர், 1900ஆம் ஆண்டையொட்டித் தாய்நாட்டை விட்டுப் புறப்பட்டு ஆப்பிரிக்கா சென்றார். பின்னர்த் தென்னாப்பிரிக்காவிலே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல்லாண்டுகள் பணிபுரிந்தார். காந்தியடிகளுக்குத் தமிழிற் கையொப்பமிடக் கற்றுக்கொடுத்தவர் இவரே என்று சொல்லப்படுவதும் உண்டு. சொந்த ஊரில் தெருவில் நடக்கவும் தடை செய்யப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒருவர், அயல்நாட்டு வழக்குமன்றத்தில், அவரின்றி வழக்கு நடவாது என்னும் இடத்தில் நின்றார். அந்த இடத்தை அவருக்குப் பெற்றுத் தந்தது அவர் கற்ற தனித்திறன்.

மொழிபெயர்ப்பாளரின் அறம் கடுமையானது. கேட்டதைக் கூட்டாமலும் குறைக்காமலும் சொல்ல வேண்டும். இரக்கம் மேலிட்டுத் தாமாக ஒரு சொல்லைச் சேர்த்தலும் பிழை. வெறுப்பினால் ஒரு சொல்லை விடுதலும் பிழை. பிறர் துயரத்தைத் தம் வாயால் தன்மையிடத்தில் வைத்து, ‘நான் அடிக்கப்பட்டேன்’ என்றே உரைக்க வேண்டும். நாள்தோறும் இவ்வாறு பேசிப் பழகிய ஒருவர் பின்னர் ஒரு சமுதாயத்திற்கே குரலாக அமைந்ததில் வியப்பில்லை.

தாயகம் திரும்பிய சீனிவாசனார் 1923இல் சென்னைச் சட்டமன்ற உறுப்பினரானார். பொதுச் சாலைகள், கிணறுகள், குளங்கள், அலுவலகங்கள் ஆகியவற்றை எல்லாரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924இல் கொண்டுவந்தார். 1930இலும் 1931இலும் இலண்டனில் நடைபெற்ற வட்டமேசை மாநாடுகளில் அண்ணல் அம்பேத்கரோடு அமர்ந்து நம் உரிமைக்காக வாதாடினார். 1945 செப்டம்பர் 18ஆம் நாள் மறைந்தார். வழக்குமன்றத்தில் ஒருவருக்காகப் பேசியவர் மாநாட்டில் கோடிக்கணக்கானோர்க்காகப் பேசினார்.

நம் காலடியிற் கிடக்கும் கல்

சொல்லைப் பற்றிச் சொன்னேன். இனிக் கல்லைப் பற்றிச் சொல்வேன். அரியலூர்ச் சீமையில் உழவன் ஏரோட்டும்போது சிப்பிக் கற்களும், ஆட்டுக்கொம்பு போலச் சுருண்ட கற்களும் கொழுமுனையில் இடறுவது நாம் அறிந்ததே. நம் பாட்டனார் அவற்றை வரப்பில் எறிந்தனர். வெள்ளையர் அவற்றைப் பொறுக்கிச் சென்றனர். எச்.எப். பிளான்போர்டு என்னும் நிலவியலார் இப்பகுதியை ஆராய்ந்து, 1862இல் வெளிவந்த அறிக்கையில் இங்குள்ள பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாக வகுத்தார். ஸ்டோலிச்சுகா என்னும் அறிஞர் இங்குக் கிடைத்த புதைபடிவங்களைப் பற்றிப் பெருநூல்கள் எழுதினார். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்திற் கல்லாகிக் கிடக்கும் மரத்தை 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் உலகிற்கு அறிவித்தார். கோடிக்கணக்கான ஆண்டுகட்கு முன் இங்கே கடல் இருந்ததென்பது இவற்றால் விளங்கியது. அரியலூரின் பெயர் உலக நிலவியல் நூல்களில் ஏறியது.

அந்தப் பழங்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக்கல்லே இன்று சிமெண்டு ஆகிறது. 1939இல் டால்மியாபுரத்திலும், 1979இல் அரசுத் துறையில் அரியலூரிலும் ஆலைகள் எழுந்தன. பின்னர்த் தனியார் ஆலைகளும் பெருகின. கல்லை வெட்டியவர்களிலும் சுமந்தவர்களிலும் நம் மக்கள் இருந்தனர். ஆனால் வெட்டிய கல் ஆலைக்கு ஏற்றதா என்று தீர்ப்புச் சொல்பவர் ஆய்வுக்கூடத்தில் அமர்ந்திருந்தார். வெட்டியவர்க்கு நாட்கூலி; தீர்ப்புச் சொன்னவர்க்கு மாதச் சம்பளம். கல் ஒன்றுதான்.

அந்தத் தீர்ப்பு எவ்வாறு சொல்லப்படுகிறது? மேனிலை வகுப்பு மாணவனும் விளங்கிக்கொள்ளக் கூடிய செய்திதான் அது. தூய சுண்ணாம்புக்கல் 100 கிராம் எடுத்து, ஏறத்தாழ 1,000 பாகை வெப்பத்தில் எடை மாறாத அளவும் சுட்டால், 44 கிராம் கரியமிலவாயுவாக வெளியேறும். 56 கிராம் சுண்ணாம்பு எஞ்சும். எடை இழப்பு இதினும் குறைந்தால் மணலோ களிமண்ணோ கலந்திருக்கலாம் என்று ஐயுற வேண்டும். கல்லை அமிலத்திற் கரைத்து, ஈ.டி.டி.ஏ. என்னும் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, செந்நிறம் நீலமாகும் கணத்தைக் கண்டு நிறுத்தினால் சுண்ணாம்பின் அளவு தெரிந்துவிடும். மக்னீசியாவின் அளவையும் காண வேண்டும். சாதாரணச் சிமெண்டில் அது 6 விழுக்காட்டிற்கு மேற்படலாகாது என்பது இந்தியத் தர விதி. மேற்பட்டால் கட்டிடம் காலம் கடந்து வீங்கி வெடிக்கும். இன்று ஊடுகதிர்க் கருவிகள் சில நிமிடங்களில் விடை தருகின்றன. எனினும் கருவி சொல்வது சரியா என்று அறிவதற்கும் இந்த அடிப்படை அறிவு வேண்டும்.

இத்தகைய அறிவு நமக்குப் புதிதன்று என்பதையும் சொல்ல வேண்டும். தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து மயிர் நீக்கவும், ஆவாரம்பட்டையின் சாற்றால் பதனிடவும் அறிந்தவர்கள் நம் முன்னோர். எத்தனை நாள் ஊற வேண்டும், சாறு எப்போது முறிந்தது என்பதை அவர்கள் விரலாலும் மூக்காலும் அறிந்தனர். அது எழுதப்படாத வேதியியல். சமுதாயம் அந்த அறிவைப் பயன்படுத்திக்கொண்டு, அறிந்தவனைத் தீட்டுடையவன் என்று தள்ளி வைத்தது. 1915இல் சென்னையில் தோல்தொழிற் பள்ளியும், 1948இல் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையமும் தோன்றியபின் அதே தொழில் அறிவியல் என்று பெயர் பெற்றது. கைத்திறன் நூலறிவாக மாறும் வேளையில் வாசலில் நின்றுவிடுபவன் தன் பாட்டன் சொத்தை இழப்பவனாவான்.

நீரைத் தொடுதலும் நீரைச் சோதித்தலும்

பகுப்பாய்வை ஆலையோடு மட்டும் சேர்த்து எண்ணுதல் கூடாது. சென்னையில் 1849இலேயே அரசு வேதியியற் சோதனையாளரின் ஆய்வுக்கூடம் நிறுவப்பட்டது. உடலில் நஞ்சு உண்டா என்று சோதித்து வழக்குமன்றத்திற்குச் சான்றளிப்பது அதன் பணி. ஆய்வுக்கூடமும் ஒருவகை மொழிபெயர்ப்பு நிலையமே; வாய் பேசாத பொருளின் சாட்சியத்தை அது மனித மொழியில் உரைக்கிறது.

1924இல் சீனிவாசனார் கிணற்றைத் திறக்கச் சொன்னார். 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாடு நகரில் சவுதார் குளத்து நீரைப் பருகிக் காட்டினார். நீரைத் தொடும் உரிமைக்கான போர் அது. 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், ஆதிதிராவிடர் குடியிருப்பின் மேல்நிலைக் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்ட கொடுமை வெளிப்பட்டது. குழந்தைகள் நோயுற்ற பிறகே நீரின்மேல் ஐயம் பிறந்தது. நீரைத் தொடும் உரிமையோடு, அந்த நீரில் என்ன இருக்கிறதென்று நாமே அறியும் ஆற்றலும் வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி உரக்கச் சொல்கிறது. குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருத்தல் நன்று; வேறு நீர் கிடைக்காவிடத்து 1.5 வரை ஒப்பலாம். நைட்ரேட்டு 45 மில்லிகிராமைத் தாண்டலாகாது. 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ச்சோதனைப் பயிற்சி அளிக்க வழி செய்யப்பட்டது. அந்த ஐவருள் நம் தெருப் பெண் ஒருத்தியேனும் இருக்கிறாளா என்று ஒவ்வோர் ஊரிலும் கேட்டறிதல் வேண்டும்.

மக்காச்சோளம் வந்த வழி

மூன்றாவது திறன் அயல்மொழி. ஸ்பானிய மொழி நமக்கு எதற்கு என்று சிலர் நகைக்கலாம். பெரம்பலூர்ப் பகுதியின் முதன்மைப் பயிர்களுள் ஒன்றாகிய மக்காச்சோளம் மெக்சிகோ நாட்டிலிருந்து உலகிற்குப் பரவிய பயிர். அதனை ஆராயும் பன்னாட்டு நிலையம் 1966இல் மெக்சிகோ நகருக்கு அருகேதான் அமைக்கப்பட்டது. 2018இல் நம் பகுதி மக்காச்சோளத்தைப் படைப்புழு பாழாக்கியபோது நம் உழவர்க்கு அது புதுப்பகை. ஆனால் அமெரிக்கக் கண்டத்தில் அது பழம்பகை. அங்குள்ள ஸ்பானிய மொழி உழவர் அதனைக் ‘கொகொயேரோ’, அதாவது குருத்தைத் தின்பது, என்று பெயரிட்டு அதனோடு தலைமுறை தலைமுறையாகப் போராடி வருகின்றனர். அவர்கள் மொழியை அறிந்த வேளாண் பட்டதாரி ஒருவர் நம்மிடையே இருந்தால், அவர்களின் அனுபவத்தை நேரே படித்து நம் உழவனிடம் சொல்லலாம் அன்றோ?

ஸ்பானியம் இருபது நாடுகளில் ஆட்சிமொழி. ஐக்கிய நாடுகள் அவையின் ஆறு அலுவல் மொழிகளுள் ஒன்று. அதனைக் கற்றோர் நம் நாட்டில் மிகச் சிலரே. போட்டி குறைந்த வாசலில் நுழைவது அறிவுடைமை. தில்லி சவகர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் மேனிலைக் கல்வி முடித்தோர் இளங்கலை வகுப்பிலேயே ஸ்பானியம் பயிலலாம். அம்மொழி முன்பே தெரிந்திருக்க வேண்டுவதில்லை. ஐதராபாத்திலுள்ள ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும் அது கற்பிக்கப்படுகிறது. இவை மத்தியப் பல்கலைக்கழகங்கள். பட்டியல் இனத்தவர்க்கு 15 விழுக்காடு இடம் உண்டு. அயல்நாடு சென்று உயர்கல்வி பெறுவதற்கான தேசிய உதவித்தொகைத் திட்டம் 1954–55 முதல் நடைமுறையில் உள்ளது. இவற்றின் விண்ணப்பத் தாள் நம் வட்டாரத்தில் எத்தனை பேர் கையை எட்டியது என்பதே கேள்வி.

செய்ய வேண்டுவன

நம் இளைஞர்கள் இன்று வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிச் செல்கின்றனர். வடமாநிலத் தொழிலாளர் நம் ஊர்களுக்கு வேலை தேடி வருகின்றனர். நேட்டாலில் நம்மவர் நின்ற நிலையில் இன்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர் நம் மருத்துவமனை வாசலில், வயிற்றைத் தொட்டுக் காட்டிக்கொண்டு நிற்கின்றனர். சாட்சியத்தைக் குற்றம் சாட்டப்பட்டவர் அறிந்த மொழியிற் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்று 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் விதித்தது. அதற்கு மாற்றாக 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அதனையே விதிக்கிறது. சட்டம் இருக்கிறது, சொல்லத் தெரிந்தவர்தாம் போதவில்லை. மொழியின்றி வருந்திய மக்களின் வழிவந்த நாம் அப்பணியை மேற்கொண்டால் அது பிழைப்பும் ஆகும், அறமும் ஆகும்.

ஆதலின் நம் கழகம் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மூன்று பணிகளை மேற்கொள்ளலாம் என்று பணிவோடு முன்மொழிகிறேன். முதலாவது, வேதியியல் பட்டம் பெறும் நம் மாணவர்க்கு விடுமுறைக் காலத்தில் ஆலை ஆய்வுக்கூடங்களிலும் அரசு நீர்ச்சோதனைக் கூடங்களிலும் செயல்முறைப் பயிற்சி பெற்றுத் தருதல். இரண்டாவது, ஆண்டுதோறும் இரண்டு மாணவரையேனும் அயல்மொழிப் பட்ட வகுப்புக்கு அனுப்பி, தொடர்வண்டிக் கட்டணமும் முதலாண்டுச் செலவும் ஏற்றல். மூன்றாவது, இந்தி, ஒடியா போன்ற மொழிகள் அறிந்த நம் இளைஞரைக் கண்டறிந்து, மருத்துவமனைகளிலும் வழக்குமன்றங்களிலும் மொழிபெயர்க்கும் பணிக்கு ஆயத்தப்படுத்துதல். நன்கொடை வழங்கும் அன்பர்கள் மணிமண்டபத்திற்கும் வளைவுக்கும் கொடுப்பதில் ஒரு பங்கையேனும் இதற்கு ஒதுக்குவார்களாக.

இளைஞர்களே! ‘ஏதேனும் ஒரு பட்டம்’ என்று அலையாதீர்கள். நீங்கள் இல்லையென்றால் நடவாத வேலை எது என்று தேடி, அதனைக் கற்றுக்கொள்ளுங்கள். இட ஒதுக்கீடு நம் உரிமை, அதனைக் காத்துக்கொள்வோம். அதனோடு, எந்த ஊரிலும் எந்த நாட்டிலும் எடுபடும் திறன் ஒன்றையும் கைக்கொள்வோம். நம் பாட்டன் வெட்டிய கல்லின் கூறுகளை அவன் பேத்தி அளந்து சொல்லட்டும். மொழியின்றி நேட்டாலில் நின்றவனின் வழித்தோன்றல், மொழியின்றி நிற்கும் மற்றொருவனுக்காக வழக்குமன்றத்தில் எழுந்து பேசட்டும். நம் கழகம் பொன்விழாக் காணும் நாளில் வெளிவரும் மலரில் அவர்கள் தம் வரலாற்றைத் தாமே எழுதுவார்களாக!